நீங்கள் விளையாடிய மாரியோ மெதுவாகத்தான் ஓடினான்

கேள்வி இதுதான்: "தொண்ணூறுகளில் டிவியோடு இணைக்கும் வீடியோ கேம் பெட்டியில், மஞ்சள் கேசட் போட்டு சூப்பர் மாரியோ விளையாடி வளர்ந்தவன் நான். எட்டாவது உலகம் வரை கண்ணை மூடிக்கொண்டு போவேன். போன மாதம் மகனுக்காக நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கி அதே விளையாட்டைப் போட்டேன். முதல் எதிரியிடமே செத்தேன். மாரியோ வழுக்குகிறான், ஓட்டம் அதிகமாக இருக்கிறது, பாட்டுகூட அவசர அவசரமாகப் போகிறது. எனக்கு வயதாகிவிட்டதா, விளையாட்டை மாற்றிவிட்டார்களா? இத்தனை பதிப்புகளில் எதுதான் உண்மையான மாரியோ?"

வயதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. மற்றபடி உங்கள் கையும் காதும் சரியாகத்தான் சொல்கின்றன. ஆனால் குற்றவாளியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். ஸ்விட்சில் ஓடுவதுதான் 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியான விளையாட்டின் வேகம். சிறுவயதில் நீங்கள் விளையாடியதுதான் மாறிப்போயிருந்தது. உங்கள் மஞ்சள் கேசட் மாரியோ ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

நம்ப முடியவில்லை என்றால் ஒரு சோதனை சொல்கிறேன். விளையாட்டைத் தொடங்கி, மாரியோவை நகர்த்தாமல் அப்படியே நிற்க வையுங்கள். திரையின் வலது மேல் மூலையில் 400 என்று நேரம் தொடங்கும். அது 390-லிருந்து 290-க்கு வர எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் அளந்து பாருங்கள். ஸ்விட்சில் 40 வினாடி ஆகும். உங்கள் பழைய பெட்டி இன்னும் பரணில் கிடந்து, உயிரோடும் இருந்தால் அதில் 48 வினாடி ஆகும். அந்த மூலையில் இருக்கும் எண் வினாடிக் கணக்கு என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது வினாடியே அல்ல. டிவியில் 24 படங்கள் ஓடி முடிந்தால் எண் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மாரியோ முதலில் ஓடிய, ஃபாமிகாம் என்ற நின்டெண்டோவின் ஜப்பானியப் பெட்டிக்குள் கடிகாரம் என்று தனியாக எதுவும் கிடையாது. 1983 ஜூலையில் வந்த பெட்டி அது. செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலை செய்ய நினைவகம் 2 கிலோபைட். டிவித் திரையில் ஒரு படம் மேலிருந்து கீழாக வரைந்து முடிந்ததும் "முடிந்தது" என்று செயலிக்கு ஒரு தட்டு விழும். அந்தத் தட்டு விழும்போதெல்லாம் விளையாட்டு ஒரு அடி முன்னே நகரும்: மாரியோ ஒரு அடி, எதிரிகள் ஒரு அடி, பாட்டில் ஒரு அடி, நேரத்தில் ஒரு அடி. தாளம் போடுகிறவர் மெதுவாகப் போட்டால் பாடுகிறவரும் மெதுவாகத்தான் பாடியாக வேண்டும். இங்கே தாளம் போடுவது டிவி.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி வினாடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் வரையும். (ஒரு வேடிக்கை: ஜப்பானில் மின்சாரம் ஊருக்கு ஊர் வேறு. நின்டெண்டோ இருக்கும் கியோட்டோவில் 60 ஹெர்ட்ஸ், டோக்கியோவில் 50. ஆனால் டிவி ஒளிபரப்பு முறை நாடு முழுவதும் ஒன்றே. இல்லாவிட்டால் டோக்கியோ பிள்ளைகளும் நம் கட்சியில் சேர்ந்திருப்பார்கள்.) இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும் இருந்த டிவி முறையின் பெயர் பி.ஏ.எல். அது வினாடிக்கு 50 படங்கள்தான் வரையும். 60 தட்டுக்கு எழுதிய விளையாட்டை 50 தட்டுக்கு ஓட்டினால் 160 வினாடியில் தீர வேண்டிய 400 என்ற நேரம் 192 வினாடி நீளும். அந்த 32 வினாடி உங்களுக்குச் சும்மா கிடைத்த வரம். எட்டாவது உலகம் வரை போனதில் அதற்கும் பங்கு உண்டு என்று சொன்னால் கோபிக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. உங்கள் பெட்டி நின்டெண்டோ செய்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் ஊரில் விற்றவற்றில் பெரும்பாலானவை ஃபாமிகாமின் நகல்கள். நகல் என்றதும் அரைகுறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பி.ஏ.எல். நாடுகளுக்கென்று தைவானில் செய்த நகல் சிப்புகளை வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஜப்பானிய டிவிப் படத்தில் மொத்தம் 262 வரிகள், பி.ஏ.எல். படத்தில் 312. மிச்சமாகும் 50 வரிகளை என்ன செய்வது? படம் வரைந்து முடிந்த பிறகு, அந்த "முடிந்தது" தட்டு விழுவதற்கு முன்னால், 50 வரி நேரத்துக்குச் சும்மா காத்திருக்கும்படி செய்துவிட்டார்கள். செயலிக்கும் படம் வரையும் சிப்புக்கும் இடையே உள்ள வேகக் கணக்கையும் ஜப்பானியப் பெட்டியில் இருந்தபடியே வைத்துக்கொண்டார்கள். அதனால் ஜப்பானுக்காக எழுதிய கேசட்டுகள் எந்த மாற்றமும் இல்லாமல் இந்தப் பெட்டிகளில் ஓடின. நின்டெண்டோவே ஐரோப்பாவுக்குச் செய்த பெட்டியில் அந்தக் கணக்கு மாறியிருந்தது. ஜப்பானியக் கேசட்டோடு ஒத்துப்போவதில் திருட்டுப் பெட்டி அசல் பெட்டியைவிட ஒரு படி மேலே இருந்தது என்பதை எழுதும்போது எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

பாட்டு விஷயத்தில் உங்கள் காதுக்கு ஒரு சபாஷ். கோஜி கொண்டோ அமைத்த அந்த மெட்டு ஸ்விட்சில் வேகமாகக் கேட்கிறது என்கிறீர்கள், ஆனால் சுருதி ஏறிவிட்டதாகச் சொல்லவில்லை. மிகச் சரி. ஒலியின் சுருதியைத் தீர்மானிப்பது செயலியின் வேகம். நகல் பெட்டியில் அது அசலைவிட ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. தாளத்தைத் தீர்மானிப்பது டிவியின் படக் கணக்கு, அதுதான் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. எனவே சுருதி மாறாமல் காலப்பிரமாணம் மட்டும் இறங்கியது. டேப்ரெக்கார்டரில் பேட்டரி தீரும்போது பாட்டு இழுப்பது வேறு, அதில் இரண்டும் சேர்ந்து இறங்கும். இதோடு, நகல் சிப்புகள் பலவற்றில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருக்கும். மெலிந்து ஒலிக்க வேண்டிய இடத்தில் தடித்தும், தடித்து ஒலிக்க வேண்டிய இடத்தில் மெலிந்தும் கேட்கும். அசலைக் கேட்கும்போது "ஏதோ குரல் மாறிய மாதிரி இருக்கிறதே" என்று தோன்றினால் காரணம் அதுதான். படமும் அப்படியே. 240 வரிப் படத்தை அதிக வரிகள் உள்ள திரையில் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், மாரியோ கொஞ்சம் குட்டையாக, குண்டாகத் தெரிவான்.

சரி, கைக்கு வருவோம். மாரியோவின் குதிப்பு ஏன் இவ்வளவு ஆழமாகக் கையில் பதிந்துவிடுகிறது, கொஞ்சம் மாறினாலும் ஏன் உடனே தெரிந்துவிடுகிறது? இதற்குப் பதில் சில எண்களில் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து குதித்தால் மாரியோ முதல் படத்தில் 4 புள்ளி (பிக்சல்) மேலே போகிறான். பிறகு ஒவ்வொரு படத்திலும் அந்த வேகத்திலிருந்து ஒரு புள்ளியில் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. ஏறத்தாழ 32 படங்களில் வேகம் முழுதும் தீர்ந்து உச்சியில் நிற்பான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 64 புள்ளி உயரம் வரும், அதாவது சரியாக நான்கு செங்கல். ஓடிவந்து குதித்தால் தொடக்க வேகம் 5 புள்ளி, உயரம் ஐந்து செங்கல்.

இது பொத்தானை அழுத்தியே வைத்திருந்தால். நடுவில் விரலை எடுத்துவிட்டால் அந்தக் கணமே ஈர்ப்பு மூன்றரை மடங்கு கூடிவிடும். குட்டிக் குதியும் பெரிய குதியும் ஒரே பொத்தானிலிருந்து வருவது இப்படித்தான். உச்சியைத் தாண்டி இறங்கும்போதும் இந்தக் கனமான ஈர்ப்புதான். ஏறும்போது மிதப்பான், இறங்கும்போது கல்லாக விழுவான். நிஜ உலகத்தில் எந்த மனிதனும் இப்படிக் குதிப்பதில்லை, ஆனால் கை இதைத்தான் இயல்பு என்று ஏற்றுக்கொண்டது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைக்க, தோஷிஹிகோ நாகாகோவின் நிரல் குழு எழுதிய அந்தச் சில எண்கள்தான் மாரியோ என்பேன். தொப்பியும் மீசையும் பிறகுதான்.

இப்போது அந்த 32 படங்களை உங்கள் பழைய பெட்டியில் ஓட்டிப் பாருங்கள். அங்கே உச்சிக்கு ஏற 0.64 வினாடி, ஸ்விட்சில் 0.53 வினாடி. பத்தில் ஒரு வினாடி வித்தியாசம். விரலை எப்போது எடுக்க வேண்டும் என்று பல ஆயிரம் குதிகளில் பழகிய கட்டைவிரலுக்கு அது யுகம். முழு ஓட்டத்தில் மாரியோ ஒரு படத்துக்கு இரண்டரைப் புள்ளி நகர்கிறான். 60 படத்தில் அது வினாடிக்கு 150 புள்ளி, 50 படத்தில் 125. முதல் கட்டத்தின் தொடக்கத்திலேயே எதிரே தத்தித் தத்தி வரும் கூம்பா என்ற எதிரி நீங்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே உங்கள் காலடியில் இருக்கும். அங்கேதான் செத்தீர்கள்.

ஐரோப்பாவில் நின்டெண்டோ அதிகாரப்பூர்வமாக விற்றபோது இந்தச் சிக்கலைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. எண்களைத் திருத்தினார்கள். முழு ஓட்டம் படத்துக்கு இரண்டரைப் புள்ளியாக இருந்ததை 3 ஆக்கினார்கள். 50-ஐ 3-ஆல் பெருக்கினால் மறுபடியும் 150. பாட்டையும் முடுக்கிவிட்டார்கள். எவ்வளவு நேர்மையான வேலை! ஆனாலும் அது முழுக்க அதே மாரியோ ஆகாது. ஒரே தூரத்தை 60 சின்ன அடிகளில் நடப்பதும் 50 பெரிய அடிகளில் நடப்பதும் ஒன்றல்ல. நுனிக்கால் படும் இடங்கள் மாறும். இந்த விளையாட்டை 5 நிமிடத்துக்குள் முடிக்கிற வேக ஆட்டக்காரர்கள் இன்றும் இந்த இரண்டு பதிப்புகளின் நேரத்தையும் ஒரே பட்டியலில் கலப்பதில்லை.

இனி மற்றப் பதிப்புகள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. உங்கள் கேள்விக்குத் தொடர்புள்ளதை, அதாவது கை எங்கே ஏமாறும் என்பதை மட்டும் பார்ப்போம்.

1986-இல் ஹட்சன் நிறுவனம் நின்டெண்டோவின் அனுமதியோடு ஜப்பானியக் கணினிகளுக்கு ஒரு மாரியோ செய்தது. பெயர் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஸ்பெஷல். என்.இ.சி.யின் பி.சி.-8801 கணினியில் அதை ஓட்டிப் பார்த்தால் அழுகை வரும். அந்தக் கணினிக்குத் திரையை வழுக்கி நகர்த்தத் தெரியாது. மாரியோ ஓரத்துக்குப் போனதும் திரை மொத்தமாக மாறி அடுத்த காட்சி வரும். பள்ளம் இந்தத் திரையின் கடைசியிலும் அதன் மறுகரை அடுத்த திரையிலும் இருந்தால் என்ன செய்வீர்கள்? கடவுளை நினைத்துக் குதிப்பீர்கள். ஓடிக்கொண்டே முன்னால் பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்பது அதை எடுத்துவிட்ட பிறகுதான் தெரிகிறது.

அதே ஆண்டில் காசு போட்டு ஆடும் கடைகளுக்காகவும் ஒரு பதிப்பு வந்தது. காசு விழ வேண்டுமே, அதனால் சில கட்டங்களை எடுத்துவிட்டுக் கொடூரமானவற்றை வைத்தார்கள். அவற்றில் சில ஜப்பானில் 1986 ஜூனில் வந்த இரண்டாம் பாகத்திலும் இடம்பெற்றன. அமெரிக்காவுக்கு அந்த இரண்டாம் பாகம் அப்போது போகவே இல்லை. 1993-இல் வந்த தொகுப்பில்தான் போனது.

அந்த 1993 தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பலர் "நல்ல மாரியோ" என்று நம்பி ஏமாறுவது இதில்தான். சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ், 16-பிட் சூப்பர் ஃபாமிகாமுக்காக வந்தது. பழைய படங்களையெல்லாம் புதிதாக வரைந்திருந்தார்கள். குழாய்க்கு மினுமினுப்பு, பின்னணியில் மலைகள், பாட்டுக்குப் புது வாத்தியங்கள், ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி. பார்த்தால் கண்ணுக்கு விருந்து. அதில் ஒரே ஒரு தவறு நேர்ந்துவிட்டது. பெரிய மாரியோவாக ஒரு செங்கலுக்கு அடியில் நின்று குதித்து உடையுங்கள். 1985 பதிப்பில் செங்கல் சிதறிய அதே கணம் மாரியோ கீழே தள்ளப்படுவான், தலையில் குட்டு வாங்கியவன் போல. ஆல்-ஸ்டார்ஸில் செங்கல் சிதறும், மாரியோ அந்த ஓட்டை வழியாக மேலே போய்க்கொண்டே இருப்பான்.

சின்ன விஷயம்தானே என்பீர்கள். இல்லை. செங்கல் வரிசைக்கு அடியில் ஓடியபடி ஒன்றை உடைத்துவிட்டு உடனே தரைக்கு வந்து அடுத்த எதிரியை மிதிப்பது பழைய கைக்கு அனிச்சையாக வரும் காரியம். இங்கே மாரியோ தரைக்கு வரவேண்டிய நேரத்தில் இன்னும் ஆகாயத்தில் இருப்பான். கை கீழே இறங்கிவிட்டது, மாரியோ இறங்கவில்லை. முதன்முதலில் இதை ஆடியபோது கட்டுப்பாட்டுப் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துப் பிரித்துத் துடைத்து மாட்டினேன். இரண்டாவது தடவையும் பிரித்தேன். அதற்குப் பிறகுதான் பழைய கேசட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தி வந்தது.

இந்த மாதிரித் தவறு ஏன் நேர்கிறது? மூல விளையாட்டு எவ்வளவு இறுக்கி எழுதப்பட்டது என்று பார்த்தால் புரியும். நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8, ஆக மொத்தம் 40. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பதிலைக் கணினியில் சேமித்தால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட்டாவது பிடிக்கும் என்பதால், 40 கிலோபைட்டைத் தாண்டிவிடும். அந்த இடத்துக்குள் 32 கட்டங்கள், எதிரிகள், பாட்டுகள் எல்லாவற்றையும் அடைத்தார்கள். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர்: வடிவம் ஒன்றுதான், நிறம் மட்டும் வேறு. 5-3 (ஐந்தாம் உலகத்தின் மூன்றாம் கட்டம்) என்பது 1-3 தான், கொஞ்சம் கடுமையாக்கியது. 7-2 என்பது 2-2. திரையின் மேலே மதிப்பெண் நகராமல் நிற்க, கீழே உலகம் மட்டும் நகர்கிறதே, அது எப்படி? மேலே இருக்கும் காசுப் படத்தின் அடியில் ஒரு துண்டு உருவத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். டிவி வரைந்துகொண்டே வந்து அந்தத் துண்டைத் தொட்டதும் "மதிப்பெண் வரி முடிந்தது, இனி நகர்த்தலாம்" என்று நிரலுக்குத் தெரியும். இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒரு நூலை இழுத்தால் எங்கோ ஒரு மூலையில் சுருக்கம் விழும்.

1-2 கட்டத்தின் கடைசியில் சுவருக்குள் நுழைந்து போனால் "உலகம் -1" வருமே, அதுவும் இந்தப் பின்னலின் பிள்ளைதான். அது மைனஸ் ஒன்று அல்ல, 36-1. முப்பத்தாறாம் எண்ணுக்குரிய இடத்தில் இருக்கும் படம் வெற்றுக் கட்டம், அதனால் கோடும் ஒன்றும் மட்டும் தெரிகின்றன. கேசட்டில் அது முடிவே இல்லாத தண்ணீர்க் கட்டம். ஜப்பானில் 1986-இல் வந்த வட்டுப் பதிப்பில் அதே வழியாகப் போனால் மூன்று கட்டங்கள் வரும், முடிக்கவும் முடியும்.

கையில் பிடித்து ஆடும் கருவிகளில் வேறு சிக்கல். 1999-இல் கேம்பாய் கலருக்கு வந்த டீலக்ஸ் பதிப்பில் திரை 160-க்கு 144 புள்ளிதான், மூலத்திலோ அகலம் 256. படங்களைச் சுருக்கவில்லை, ஜன்னலைச் சுருக்கினார்கள். மாரியோ திரையின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், முழு ஓட்டத்தில் எதிரே ஒரு பள்ளம் தெரிந்ததிலிருந்து அதன் விளிம்புக்குப் போய்ச் சேர மூலத்தில் ஏறத்தாழ 51 படங்கள் அவகாசம் உண்டு. டீலக்ஸில் 32 படங்கள்தான். அவர்களுக்கே அது தெரியும். மேலும் கீழும் திரையைத் தள்ளிப் பார்க்கும் வசதி வைத்தார்கள், சிவப்புக் காசு தேடும் சவால்கள் வைத்தார்கள், 3,00,000 மதிப்பெண் எடுத்தால் ஜப்பானிய இரண்டாம் பாகத்தின் கட்டங்களைத் திறந்துவிட்டார்கள். மறுபதிப்புகளில் எனக்குப் பிடித்தது இதுதான். தன்னால் முடியாததை மறைக்காமல், வேறொன்றைக் கொடுத்து ஈடுகட்டியது. 2004-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்ததோ நேர்மாறு. ஜன்னலைச் சுருக்காமல் படத்தை மேலிருந்து கீழாக அமுக்கிவிட்டார்கள். வேகம் சரி, பாட்டு சரி, மாரியோ மட்டும் தலையில் அம்மிக்கல் வைத்தவன் மாதிரி இருப்பான்.

ஐ.பி.எம். வகைக் கணினிக்கு மாரியோ ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபாமிகாமில் திரையை வழுக்கி நகர்த்துவது சிப்பே செய்யும் வேலை. அந்தக் காலக் கணினியில் ஒவ்வொரு தடவையும் முழுத் திரையையும் செயலி வரைந்து தள்ள வேண்டும், மூச்சு வாங்கும். 1990-இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கார்மாக், திரையில் உண்மையிலேயே மாறிய கட்டங்களை மட்டும் திரும்ப வரைந்தால் போதும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். அவரும் டாம் ஹாலும் மாரியோ மூன்றாம் பாகத்தின் முதல் கட்டத்தைக் கணினியில் அப்படியே செய்து, மாரியோவுக்குப் பதில் தங்கள் நிறுவனத்தின் டேவ் என்ற பாத்திரத்தைப் போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரிலேயே "காப்புரிமை மீறல்" என்று இருந்தது. பிறகு மாரியோவையே வைத்து ஒரு மாதிரியும் செய்து நின்டெண்டோவுக்கு அனுப்பினார்கள். நின்டெண்டோ வேண்டாம் என்றது. அந்த உத்தி அந்த ஆண்டு டிசம்பரில் கமாண்டர் கீன் என்ற விளையாட்டாக வெளிவந்தது, அந்தக் கூட்டம் ஐடி சாஃப்ட்வேர் என்ற விளையாட்டு நிறுவனம் ஆனது. கொமடோர் 64 கணினிக்கும் அதிகாரப்பூர்வமாக மாரியோ வரவில்லை. ஒரு ரசிகர் ஏழு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதி 2019-இல் வெளியிட்டார், சில நாட்களில் காப்புரிமைப் புகாரால் அதை இறக்க வேண்டி வந்தது.

எது உண்மையான மாரியோ என்ற கேள்விக்கு என் பதில் பிடிவாதமானது: 60 படத்தில் ஓடும் 1985 கேசட். நல்ல வேளையாக இன்று அது சுலபமாகவே கிடைக்கிறது. ஸ்விட்சின் சந்தாவோடு வருவது அதுதான். 2016-இல் வந்த சின்னஞ்சிறு என்.இ.எஸ். (ஃபாமிகாமுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வைத்த பெயர்) பெட்டியை ஐரோப்பாவில் வாங்கியிருந்தாலும் உள்ளே இருப்பது 60 படப் பதிப்புதான். அதற்கு முன் நின்டெண்டோவின் வீ (Wii) கருவியில் ஐரோப்பாவுக்குக் கொடுத்தது 50 படப் பதிப்பு. பழைய வீ எங்காவது கிடைத்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஆனால் மொத்தப் பழியையும் படக் கணக்கின் மேல் போட்டுவிட முடியாது. உங்கள் புது டிவிக்கும் பங்கு உண்டு. பழைய குழாய் டிவியில் சமிக்ஞை வந்த கணமே திரையில் விழும். தட்டை டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். நான்கு படம் தாமதமானால், முழு ஓட்டத்தில் மாரியோ 10 புள்ளி முன்னே போயிருப்பான், அரைச் செங்கலுக்கும் மேல். பள்ளத்தின் விளிம்பில் அது உயிர் போகும் தூரம். டிவி அமைப்பில் "கேம் மோட்" என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். முதல் வேலையாக அதைச் செய்துவிட்டுப் பிறகு உங்களைத் திட்டிக்கொள்ளுங்கள். அதோடு ஒரு வாரம் விடாமல் ஆடினால் கட்டைவிரல் புது வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், எனக்குப் பத்து நாள் ஆனது.

பழைய மாரியோதான் வேண்டும், அந்த இழுவைப் பாட்டும் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நம்மைப் போலவே ரஷ்யாவிலும் ஒரு தலைமுறை நகல் பெட்டியில்தான் வளர்ந்தது. அங்கே 1992-இல் வந்த அந்தப் பெட்டியின் பெயர் டென்டி. கணினியில் பழைய பெட்டிகளைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள்கள் சிலவற்றில், எந்த ஊர்ப் பெட்டி என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஜப்பான், ஐரோப்பா என்பவற்றோடு மூன்றாவதாக டென்டி என்றும் இருக்கும். அதாவது 312 வரி, 50 படம், அந்த 50 வரிச் சும்மா காத்திருப்பு எல்லாம் சேர்ந்தது. உங்கள் கேசட்டின் பிரதியை அதில் ஓட்டினால் மஞ்சள் கேசட் காலத்து மாரியோ அப்படியே வருவான்.

நான் அதைப் போட்டுப் பார்த்தபோது நூறு எண் குறைய நாற்பத்தெட்டு வினாடி சரியாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மாமா, உங்கள் லேப்டாப் தொங்குகிறது" என்றான்.